பழைய கட்டத்துக்குள்ள புது மழை

கணக்கு எழுதத் தெரியாதவன்கூட இன்னைக்குப் படம் போட்டுருதான். அதுக்குப் பேரு முன்னேத்தமாம். சரி, இருக்கட்டும். எனக்கென்ன தெரியும்? அணைக்கட்டு ஆபீஸ்ல கிராப் தாளை விரிச்சு, பென்சிலைச் சீவிச் சீவிப் புள்ளி வச்சுக் காலத்தைத் தள்ளின கிழவன் நான். நீ படிச்ச புள்ள. கழுத்துல பட்டை போட்ட அடையாள அட்டை தொங்குது. நான் சொல்லுறதை இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுரு. ஆனா வாங்கவாவது செய்யி.

உன் வேலை எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத பேராண்டி. மாசம் பொறந்தா ஒரு அறிக்கை. அறிக்கைன்னா படம் வேணும். புதுசா வரைய யாருக்குப் பொறுமை? முன்னால இருந்தவன் போட்டு வச்ச படம் ஒண்ணு கெடக்கும். அதை எடு. உள்ள நம்பரை மாத்து. மேல மாசத்துப் பேரை மாத்து. மாத்த மறந்தாலும் பாதகமில்ல, எவன் பாக்கான்? ராவோட ராவா அனுப்பிரு. காலையில மீட்டிங். 'டேஷ்போர்டு ரெடி சார்.' சாரு தலையை ஆட்டுதாரு. பக்கத்துல இருக்கவரும் ஆட்டுதாரு. ஒருத்தர் மட்டும் வாயைத் தொறப்பாரு: 'இந்த நீலத்தைக் கொஞ்சம் டார்க்கா வச்சா என்ன?' மழை எவ்வளவு பெய்ஞ்சுதுன்னு ஒரு ஆளு கேக்க மாட்டாரு. நடக்குதா இல்லையா? சிரிக்காதலே, சொல்லு.

பழசை எடுத்துப் புழங்குறது குத்தம்னு நான் சொல்லலை. உங்க ஆச்சிகிட்ட ஒரு பித்தளை முறுக்கு உழக்கு கெடக்கு. தீவாளிக்குத் தீவாளி பரணை விட்டு எறங்கும். மாவு புதுசு, உழக்கு பழசு. வருசத்துக்கு ஒரு உழக்கு வாங்குறவ உண்டா? ஆனா எறக்குன உடனே மாவைத் திணிச்சிர மாட்டா. மொதல்ல கழுவுவா. போன வருசத்து மாவு இண்டு இடுக்குல காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும்லா. பெறவு தேங்குழலுக்கு ஒரு வில்லை, ஓமப்பொடிக்கு ஒரு வில்லைன்னு பாத்து மாத்துவா. மொத முறுக்கைப் புழிஞ்சு எண்ணெயில விட்டு, வெந்ததும் உடைச்சுப் பாப்பா. அப்புறந்தான் மத்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவ அவ. இதுல எதையாவது நீ செஞ்சியா? மாவைத் திணிச்சே, புழிஞ்சே, விருந்தாளி எலையில வச்சே.

இன்னொரு கூத்து என்னன்னா, நீங்க எதை டெம்ப்ளேட்டுன்னு சொல்லுதீங்கங்கிறதே உங்களுக்குத் தெரியாது. என் பேத்தி எனக்கு எக்செல் சொல்லித் தந்தா. அவ பொறுமைசாலி, உன்னை மாதிரி இல்ல. ஒரு படத்தை நல்லா ஒழுங்கு பண்ணி வச்சு, அதும்மேல மவுசோட வலது பொத்தானை அமுக்குனா 'சேவ் ஆஸ் டெம்ப்ளேட்'னு ஒரு வரி வரும். பேர் குடுத்து வச்சிட்டா சி.ஆர்.டி.எக்ஸ்.னு வால் வச்ச ஒரு பைல் ஆயிரும். அடுத்த மாசம் புதுக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, 'இன்சர்ட்' போயி, எல்லாப் படமும் இருக்க பட்டியலைத் தொறந்தா, 'டெம்ப்ளேட்ஸ்'னு ஒரு பகுதியில அது இருக்கும். ஒரே தட்டு. நிறம், எழுத்து, கட்டம், குறிப்பு எல்லாம் வந்துரும். படத்தை ஏற்கெனவே போட்டுட்டியா? 'சேஞ்ச் சார்ட் டைப்' போயி அதே பகுதியைத் தொற. முடிஞ்சுது. அதுல உடுப்பு மட்டுந்தான் இருக்கும். ஆளு கெடையாது. போன மாசத்து நம்பர் ஒண்ணும் அதுல ஒட்டிக்கிட்டு வராது.

நீ செய்யிறது அதுவா? கெடையாது. போன வருசத்துப் பைலைத் தொறக்கே. படத்தை மட்டும் நகல் எடுக்கே. புதுப் பைல்ல ஒட்டுதே. அதை டெம்ப்ளேட்டுங்கே. அந்தப் படம் எங்ஙன இருந்து நம்பரை எடுக்குதுன்னு என்னைக்காவது பாத்தியா? புது வீட்டுக்கு வந்தும் அது பழைய வீட்டுச் சோத்தைத்தான் திங்கும். நீ இங்ஙன நம்பரை மாத்திக்கிட்டே இருப்பே. படம் அசையாது. 'எக்செல் ஹேங் ஆயிருச்சு'ம்பே. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். மறுநாள் பைலைத் தொறந்தா, வேற பைலோட தொடர்பு இருக்கு, புதுப்பிக்கவான்னு அது கேக்கும். நீ என்ன செய்வே? வேண்டாம்னு அமுக்கிட்டுப் போவே. அது தொண்டை கிழியச் சொல்லுது, நீ கதவைச் சாத்துதே.

படத்துல ஒரு தூணைத் தட்டு. மேல பார்முலா பட்டியில 'சீரீஸ்'னு ஆரம்பிச்சு ஒரு வரி வரும். அடைப்புக்குள்ள நாலு சமாச்சாரம். பேரு எங்ஙன இருக்கு, தேதி எங்ஙன இருக்கு, நம்பர் எங்ஙன இருக்கு, வரிசையில இது எத்தனாவது. அங்ஙன சதுர அடைப்புக்குள்ள பழைய பைலோட பேரு நின்னா, கையும் களவுமா சிக்கிக்கிட்டேன்னு அர்த்தம். அதை விட நல்ல வழி இருக்குலே. கணக்கும் படமும் ஒரே ஷீட்டுல இருந்தா, அந்த ஷீட்டையே முழுசா நகல் எடு. புது ஷீட்டுல உள்ள படம் புது ஷீட்டுக் கணக்கையே பாக்கும். படத்தைத் தனியாப் பிய்ச்சுக்கிட்டு வாறதுலதான் இந்த வில்லங்கம் பூரா.

இப்போ மழைக்கு வாறேன். எனக்குத் தெரிஞ்சது அதுதானே.

மழைமானியைக் காலையில 8.30 மணிக்குப் பாக்கணும். முந்தின நாள் 8.30-ல இருந்து அன்னைக்கு 8.30 வரைக்கும் பெய்ஞ்சது அன்னைக்குத் தேதியில ஏறும். இது வானிலைத் துறைக் கணக்கு. 64.5 மில்லிமீட்டரைத் தொட்டா கனமழை. 115.6-ல மிகக் கனமழை. 204.4-ஐத் தாண்டுனா அதிகனமழை. இதெல்லாம் ஒரு நாள் மழைக்குப் போட்ட கோடு. ஒருத்தன் அழகா ஒரு படம் போட்டு வச்சிருக்கான்னு வையி. 64.5-ல மஞ்சக் கோடு, 115.6-ல ஆரஞ்சுக் கோடு, 204.4-ல சிவப்புக் கோடு. நீ அதை எடுத்து மாசத்து மொத்த மழையைப் போடுதே. என்ன ஆகும்? மலையடிவாரத்து ஊருல ஐப்பசி மாசம் என்னைக்கும் போலப் பெய்ஞ்சாலே படம் சிவப்புக் கோட்டைத் தாண்டிக்கிட்டு நிக்கும். பாத்தவன் பதறிப்போயி படகு வாங்கப் போவான். கோடு போட்டவன் மேல தப்பா? அவன் தினக்கணக்குக்குப் போட்டான். நீ மாசக்கணக்கை உள்ள தள்ளுனே.

சரி, இதுக்காவது ஊரு சிரிச்சிட்டு விட்டுரும். அடுத்ததைக் கேளு.

2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலையில எங்க பக்கத்துல மழைமானி காட்டுனது உனக்கு ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர். திருச்செந்தூர்ல 69. ஸ்ரீவைகுண்டத்துல 62. எங்க மாவட்டத்துல வருசம் பூரா பெய்யிற சராசரி மழையை, காயல்பட்டினம் ஒரே நாள்ல மிஞ்சிருச்சு. தாமிரபரணிக் கரையில வயலு எது, ரோடு எது, குளம் எதுன்னு தெரியலை.

அந்த நம்பரை உன் பழைய படத்துல போட்டுப் பாரு. முந்தின வருசங்கள்ல நூத்தைம்பது மில்லிமீட்டர் பெய்ஞ்சாலே பெரிய விசயம். அதனால படம் போட்டவன், பாக்க நல்லா இருக்கட்டும்னு செங்குத்து அச்சோட உச்சியை 200-ன்னு கையால கட்டிப் போட்டிருப்பான். அப்படிக் கையால கட்டுனது நகல் எடுத்தாலும் கூடவே வரும், டெம்ப்ளேட்டா வச்சாலும் கூடவே வரும். இப்போ காயல்பட்டினம் 950 மில்லிமீட்டர். தூண் 200 வரைக்கும் போயி, கூரை இடிக்குதுன்னு நின்னுரும். திருச்செந்தூரும் 200-ல நிக்கும். ஸ்ரீவைகுண்டமும் 200-ல நிக்கும். மூணு தூணும் ஒரே உசரம், ஒரே நீலம், பக்கத்துல பக்கத்துல அடக்கமா. பாக்கிறவன் என்ன நெனைப்பான்? எல்லா ஊருலயும் ஒரே மாதிரி, கொஞ்சம் பலமான மழை. அம்புட்டுத்தான். ஊரே மெதந்த மழையை உன் படம் 200-க்குள்ள அடக்கிருச்சு. எக்செல் ஒரு வார்த்தை சொல்லாது. சிவப்பு விளக்கு எரியாது. மணி அடிக்காது. உச்சியைக் கட்டிப் போட்டது மனுசன், நான் என்னத்துக்குக் கேக்கணும்னு அது பாட்டுக்கு இருக்கும்.

அதனால கட்டு அவுக்கணும். அச்சு மேல வலது பொத்தான், 'பார்மட் ஆக்ஸிஸ்', உச்சி அளவுக்குப் பக்கத்துல 'ரீசெட்'. அம்புட்டு வேலைதான். அவுத்து விட்டா நம்பருக்குத் தக்கன அதுவே உசரும். ஆனா ஒண்ணு. பத்து வருசத்துப் படங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும்னா உச்சியை ஒரே அளவுல கட்டத்தான் வேணும். இல்லைன்னா வறண்ட வருசத்துத் தூணும் வெள்ள வருசத்துத் தூணும் ஒரே உசரத்துல நிக்கும். எப்போ கட்டணும், எப்போ அவுக்கணும்? அதைத்தான் உன்னை யோசிக்கச் சொல்லுதேன். யோசிக்கிறதுக்கு டெம்ப்ளேட் இன்னும் வரலை.

அளக்குற அலகுலயும் இதே வில்லங்கந்தான். வானிலைத் துறை சில பட்டியல்ல சென்டிமீட்டர் போடும், சில பட்டியல்ல மில்லிமீட்டர் போடும். படத்துல 'மி.மீ.'ன்னு போன வருசம் எழுதுனது அப்படியே நிக்கும். நீ 95-ன்னு தட்டுவே. காயல்பட்டினத்துல 95 மில்லிமீட்டர்! ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னாங்க பெரியவங்க. எந்தப் படியால அளந்ததுன்னு சொல்லாம போட்டா, அளந்தும் ஆத்துல போட்டதுதான்.

அணைக்கு வருவோம். பாபநாசம் அணைக்கு 143 அடி. மணிமுத்தாறுக்கு 118 அடி. எங்க பக்கத்துல சின்னப் பயலைக் கேட்டாலும் சொல்லுவான். ஆபீஸ்ல பாபநாசத்துக்கு ஒரு படம் போட்டிருக்கான்னு வச்சுக்கோ. தினசரி நீர்மட்டம் நீலக் கோடு. மேல 143-ல சிவப்பா ஒரு நேர்க்கோடு, முழுக் கொள்ளளவுன்னு. பாக்க லட்சணமா இருக்கு. 'இதையே மணிமுத்தாறுக்கும் போட்டுருப்பா'ன்னு சொல்லியாச்சு. நீயும் நீலக் கோட்டுக்குப் புது நம்பரைக் குடுத்தே. சிவப்புக் கோடு யாரு ஞாபகத்துல இருக்கும்? அது தனி சீரீஸ். அது பாட்டுக்கு 143-லயே நிக்கும். இப்போ மணிமுத்தாறு 118-ஐத் தொட்டு நெறைஞ்சு, மதகைத் தொறக்க ஆளு ஓடுதாங்க. உன் படத்துல? இன்னும் 25 அடி காலியாக் கெடக்கு. 'பரவாயில்ல சார், பயமில்ல'ங்கே. தண்ணிக்கு உன் சிவப்புக் கோடு தெரியுமாலே?

அந்த 143-ஐப் படத்துக்குள்ள புதைச்சு வைக்காத. ஷீட்டுல மேல ஒரு கட்டத்துல 'முழு மட்டம்'னு எழுதி நம்பரைப் போடு. சிவப்புக் கோடு அந்தக் கட்டத்தைப் பாத்து வரட்டும். தலைப்புக்கும் அதேதான். தலைப்பை ஒரு தட்டு தட்டி, மேல பார்முலா பட்டியில சமக்குறி போட்டு, அணைப் பேரும் மாசமும் எழுதுன கட்டத்தைத் தொட்டுட்டு என்டர் அடி. கட்டத்தை மாத்துனா தலைப்பு தானா மாறும். ஆகஸ்டு மாசத் தலைப்பை வச்சுக்கிட்டு நவம்பர் மழையைக் காட்டுற பொழைப்பு இருக்காது. மாத்த வேண்டியது எல்லாம் ஒரே எடத்துல, கண்ணுல படுற மாதிரி இருந்தா எவனும் மறக்க மாட்டான். மூலைக்கு ஒண்ணா ஒளிச்சு வச்சிட்டு, அப்புறம் மனுசனைக் குத்தம் சொன்னா ஆச்சா?

மாசத்துக்கு நாளு எத்தனைன்னு உனக்குத் தெரியும். எக்செல்லுக்கு நீ சொன்னாத்தான் தெரியும். நவம்பருக்கு 30 நாளு. தலைப்பு வரி ஒண்ணு, கணக்கு 2-ஆம் வரியில இருந்து 31-ஆம் வரி வரைக்கும். அதையே டிசம்பருக்கு எடுத்தா 31-ஆம் தேதி மழை 32-ஆம் வரியில போயி உக்காரும். படம் 31-ஆம் வரியோட நின்னுக்கிடும். வருசக் கடைசி நாள் பெய்ஞ்ச மழை படத்துல பெய்யாது. இதுக்கு மருந்து ரொம்ப நாளா இருக்கு. கணக்கைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலும் டி-யும் சேத்து அமுக்கு. 'டேபிள்' ஆயிரும். அதை வச்சுப் படம் போட்டா, கீழ ஒரு வரி சேத்தா படமும் ஒரு அடி நீளும். நீ போய்ச் சொல்ல வேண்டாம். ஆனா உங்க ஆபீஸ் பயலுக, டேபிள் போட்டா கட்டம் கட்டமா நீலம் வெள்ளைன்னு வருது, அது பிராண்டு கலருக்கு ஒத்துவரலைன்னு கலைச்சிட்டு மறுபடி பழைய குட்டையில எறங்குவாங்க. சவத்தை என்ன சொல்ல!

மழை இல்லைங்கிறது வேற. மழையை அளக்கலைங்கிறது வேற. இது ஒனக்குப் புரியுதா? மழைமானி பாக்குறவன் காய்ச்சல்ல படுத்துட்டான்னு வையி. அன்னைக்கு நோட்டுல என்ன எழுதணும்? சைபர் எழுதக் கூடாது. நாங்க அந்தக் காலத்துல கட்டத்தைச் சும்மா விட்டு, ஓரத்துல காரணம் எழுதுவோம். இப்போ ஒருத்தன் அந்தக் கட்டத்துலயே 'விடுப்பு'ன்னு தட்டுதான். எக்செல்லுக்குக் கட்டத்துல எழுத்து கெடந்தா, படத்துல அது சைபர். கோடு தொம்முன்னு அடியில விழும், மறுநாள் எந்திரிக்கும். அணை மட்டத்துக்கு அப்படிப் போட்டா ஒரே நாள்ல அணை காலியாகி மறுநாள் நெறைஞ்ச கதையா இருக்கும். கட்டத்தைக் காலியா விட்டா கோடு அங்ஙன அறுந்து நிக்கும். அறுந்த கோடு அசிங்கமா இருக்குங்கான். இருக்கட்டுமே! அன்னைக்கு அளக்கலைன்னு அந்த ஓட்டை சொல்லுது. அதுதான் நெசம். அளக்காத நாளுக்கு அழகாக் கோடு இழுக்கிறதுக்கு நீ யாரு?

இணையத்துல இருந்து எறக்குன நம்பரும் இதே கதைதான். பாக்க நம்பரா இருக்கும். கட்டத்தோட இடது பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்கும், மூலையில பச்சையா ஒரு முக்கோணம் இருக்கும். அது எழுத்தா வந்த நம்பர். படத்துல அதுவும் சைபர்தான். தேதியில இன்னும் வேடிக்கை. நம்மூருல மொதல்ல நாளு, பெறவு மாசம். அமெரிக்கால மொதல்ல மாசம். கணினி அமெரிக்கா வழக்கத்துல இருந்தா, 05/12/2023 என்ன ஆகும்? மே 12 ஆயிரும். 18/12/2023? பதினெட்டாவது மாசம் கெடையாதுன்னு அதை எழுத்தாவே விட்டுரும். பாதித் தேதி மே, ஜூன்னு அலையும், மீதித் தேதி தேதியாவே இருக்காது. டெம்ப்ளேட் என்ன செய்யும் பாவம்? எதைத் திணிச்சாலும் அழகாப் புழிஞ்சு குடுக்கும்.

இதெல்லாம் நம்ம ஊருப் பயலுகளுக்குத்தான் நடக்கும்னு நெனைக்காத. 2020-ல இங்கிலாந்துல, கொரோனா காலத்துல, பொதுச் சுகாதாரத் துறையில நடந்தது உலகத்துக்கே தெரியும். ஆய்வுக்கூடங்கள்ல இருந்து வந்த முடிவுகளைப் பழைய எக்ஸ்.எல்.எஸ். அச்சுல கொட்டுனாங்க. அந்தப் பழைய வகைப் பைலுக்கு 65,536 வரிசைதான் கொள்ளும். 2007-லேயே புது வகை வந்து 10,48,576 வரிசை ஆயிருச்சு. ஆனா பழக்கம் விடுமா? தொற்று கூடக் கூட வரிசை நெறைஞ்சுது. அதுக்கு மேல வந்தது விழுந்து போச்சு. சத்தமில்ல. செப்டம்பர் 25-ல இருந்து அக்டோபர் 2 வரைக்கும் 15,841 பேரு தினக்கணக்குல ஏறலை. அவங்களோட பழகினவங்களைத் தேடிப் பிடிச்சு எச்சரிக்கிற வேலையும் அத்தனை நாள் தள்ளிப்போச்சு. பெரிய தேசம், பெரிய படிப்பு. பழைய அச்சு எவ்வளவு கொள்ளும்னு ஒருத்தனும் கேக்கலை.

அந்தக் காலத்துலயே அப்படிக் கேட்டவன் ஒருத்தன் இருந்தான். அவனும் அந்தப் பக்கத்து ஆளுதான், ஸ்காட்லாந்துக்காரன், வில்லியம் பிளேஃபேர்னு பேரு. நீ இன்னைக்குப் போடுற கோட்டுப்படம், தூண்படம் எல்லாத்துக்கும் அவன்தான் பாட்டன். 1786-ல நாடு நாடா ஏற்றுமதி இறக்குமதியைப் படமாப் போட்டு ஒரு புத்தகம் கொண்டுவந்தான். மொத்தம் 44 படம். 43 படம் வருசம் வருசமா ஓடுற கோடு. ஸ்காட்லாந்துக்கு மட்டும் அவனுக்குப் பல வருசக் கணக்கு கெடைக்கலை, ஒரு வருசத்துக் கணக்குதான் கெடைச்சுது. இப்போ நீயா இருந்தா என்ன செய்வே? 43 படத்துக்குப் போட்ட அச்சு கையில இருக்கு. அதுலயே திணிச்சு, ஒத்தப் புள்ளியைக் கோடுன்னு சொல்லி, 'ட்ரெண்டு'ன்னு ஒரு பேரும் வச்சிருப்பே. அவன் அச்சைத் தூக்கி ஓரமா வச்சான். ஸ்காட்லாந்தோட வியாபாரம் பண்ணுன 17 நாட்டுக்கும் கிடைமட்டமாப் பட்டை பட்டையாப் போட்டான். அப்படிப் பொறந்ததுதான் பட்டைப்படம். கணினி இல்ல, கரண்டு இல்ல. கணக்கைப் பாத்தான், அதுக்குத் தக்கன படம் போட்டான்.

வட்டப்படத்தைப் பூமிக்குக் கொண்டுவந்ததும் அதே ஆளுதான், 1801-ல. அதுக்காக அவனை மன்னிக்கலாமான்னு எனக்கு இன்னும் யோசனை. குளிர்காலம், கோடைகாலம், தென்மேற்கு, வடகிழக்குன்னு நாலு பருவத்து மழையை நாலு துண்டாப் போட்டா கண்ணு பாத்துக்கிடும். அதே அச்சுல தாலுகா தாலுகாவாப் போட்டா? எந்தத் துண்டு பெருசுன்னு தெரியாம, குறிப்பைப் பாக்கணும், நிறத்தைப் பாக்கணும், மறுபடி வட்டத்தைப் பாக்கணும். கழுத்து சுளுக்கிரும். டெம்ப்ளேட்டுல நிறம் குடுத்தது நாலு துண்டுக்கு. மிச்சத்துக்கு எக்செல் தன் இஷ்டத்துக்கு நிறம் போடும். அதுக்குப் பெறவு அதை முப்பரிமாணம் ஆக்குவே. சாய்ச்சு வைப்பே. முன்னால இருக்க துண்டு பெருசாத் தெரியும், பின்னால இருக்கது சிறுசாத் தெரியும். தூண்படத்துல முன்தூண் பின்தூணை மறைக்கும். மழை பெய்ஞ்ச ஊரு மறைஞ்சு, பெய்யாத ஊரு முன்னால வந்து நிக்கும். இதைக் காசு குடுத்து வேற வாங்குதாங்களாம். ஐநூறு டெம்ப்ளேட் ஒரே கட்டா. ஐநூறு உடுப்பு வச்சிருக்கவனைக் கேளு, வீட்டுல குளிக்கிற ஆளு எத்தனை பேருன்னு.

இப்போ 'ஸ்டோரி டெல்லிங்'னு ஒண்ணு சொல்லுதாங்கல்லா. படம் கதை சொல்லணுமாம். சொல்லட்டும். எங்க காலத்துல கதை சொன்னவன் கதைன்னு சொல்லித்தான் சொன்னான்.

பயந்துராத. டெம்ப்ளேட்டைத் தூக்கிக் கெணத்துல போடச் சொல்லலை. உனக்கு ஒரே ஒரு வேலை சொல்லுதேன். புதுக் கணக்கை ஏத்திப் படம் வந்தவுடனே, நிறத்தைப் பாக்காத. நோட்டுல இருந்து ஒரு நம்பரை எடு. பெரிய நம்பரா இருந்தா நல்லது, ஏன்னா கூரை இடிக்கிறது அதுதான். அதைப் படத்துல தேடு. அந்தத் தேதியில, அந்த உசரத்துல, அந்த அளவுல நிக்குதா? பெறவு கடைசி நாளோட நம்பரை எடுத்துத் தேடு. படத்துல அந்த நாள் இருக்கா? பெறவு ஷீட்டுல ஒரு நம்பரை வேணும்னே கோக்குமாக்கா மாத்து. படம் துள்ளுதா? துள்ளுனா உசிரு இருக்கு. கன்ட்ரோல் இசட் அடிச்சுப் பழையபடி ஆக்கிரு. துள்ளலைன்னா, அது வேற எங்ஙனயோ பாத்துக்கிட்டு நிக்கி. ஷீட்டுல வரிசையை மறைச்சு வச்சிருக்கியான்னும் பாரு. மறைச்ச வரிசையை எக்செல் சாதாரணமாப் படத்துல காட்டாது. முன்னால இருந்தவன் எதையோ மறைச்சு வச்சிட்டுப் போயிருப்பான். அவன் சொந்த விசயம் அவனுக்கு, உனக்கு ஒரு வாரத்து மழை காணாமப் போயிருக்கும்.

ஒரு டீ ஆறுற நேரங்கூட ஆகாது. இதுக்குச் சான்றிதழ் படிப்பு இருக்கான்னு கேக்காத. ஏட்டுச் சுரைக்காய்க்குத்தான் ஏற்கெனவே நல்ல விலை போகுதே.

கடைசியா, நீங்க பேர் வைக்கிற லட்சணம். 'பைனல்'. அப்புறம் 'பைனல் புதுசு'. அப்புறம் 'பைனல் புதுசு 2'. அதுக்கும் மேல 'இதுதான் நெச பைனல்'. டெம்ப்ளேட்டுக்கு என்ன பேருன்னு பாத்தா, எக்செல் தானா வச்ச 'சார்ட்1'. சார்ட்1-ன்னா மழையா, அணையா? ஒரு நாளைக்கா, ஒரு மாசத்துக்கா? மில்லிமீட்டரா, அடியா? பெத்த புள்ளைக்கு இப்படிப் பேர் வைப்பியா? 'தினமழை மி.மீ.'ன்னு வையி. 'அணைமட்டம் அடி'ன்னு வையி. எடுக்கிறவன் பேரைப் பாத்தே எதைத் திணிக்கணும், எதைத் திணிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கிடுவான். அப்புறம், அந்த சி.ஆர்.டி.எக்ஸ். பைலு உன் கணினியில, உன் பேருல இருக்க ஒரு போல்டருக்குள்ள போயி உக்காந்திருக்கு. ஆபீஸ்ல மத்தவன் கணினிக்கு அது தானா நடந்து போகாது. வேற வேலை கெடைச்சு நீ கெளம்புறப்ப அதையும் எடுத்து, உனக்குப் பின்னால வாற பயல் கையில குடுத்து, உச்சியை எங்ஙன கட்டிருக்கே, சிவப்புக் கோடு எந்தக் கட்டத்தைப் பாக்குதுன்னு ரெண்டு வரி எழுதியும் குடு. இல்லைன்னா அவன் உன் பழைய பைலை நகல் எடுத்துக்கிட்டு இதே மாதிரி முழிப்பான். அவனையும் கூப்பிட்டு உக்காத்திவச்சுத் திட்ட எனக்குத் தொண்டை இல்லலே.